மஞ்சள் ஏடு படிந்த குடுவை

அந்த உலோக ஆய்வுக்கூடத்தில் முதுகுக்குப் பின்னால் அவளுக்குச் 'சூளை' என்று பெயர். உலையை விட்டு விலகி நின்றாலும் அனல் கக்குவாள்.

லித்தியத்தையும் சோடியத்தையும் சேர்த்து உருக்கினால் லேசில் கலந்துவிடாது. லித்தியம் மேலே, சோடியம் கீழே என்று இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். முந்நூறு டிகிரியைச் சற்றே தாண்டினால்தான் எந்த விகிதத்திலும் ஒரே திரவமாகும். அந்த எல்லையைத் துல்லியமாகப் பிடித்துவிட்டால் துறைத்தலைவி நாற்காலி தனக்குத்தான் என்று சூளை கணக்குப் போட்டிருந்தாள்.

அவளுக்கு உதவியாளர் தங்கையின் கணவர். வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள். குடியிருக்க மாடியைக் கொடுத்தவளும் அவள். அதைச் சொல்லிக்காட்டாத நாளே கிடையாது.

பார்வையாளர்கள் வருகிறார்கள் என்று பழைய அலமாரியை ஒழித்தபோது ஒரு குடுவை கிடைத்தது. உள்ளே எண்ணெய்க்கு அடியில் சோடியம்-பொட்டாசியக் கலவை. இவை இரண்டும் சண்டையில்லாமல் கலக்கும். சரியான விகிதத்தில் சேர்ந்தால் அறைச் சூட்டிலேயே பாதரசம் போல ஓடும். ஆனால் வருஷக்கணக்கில் காற்று கசிந்து, மேலே மஞ்சளாக ஏடு படிந்திருந்தது.

"அக்கா, இதைக் கிளறினா வெடிக்கும்னு சொல்வாங்களே. பாதுகாப்பு ஆளுங்களைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிட்டா உலையை நிறுத்தச் சொல்வாங்க. மாப்பிள்ளைக்கு அவ்வளவு பயம்னா வளையல் வாங்கித் தரவா?"

வெடிக்கும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவர் முகம் வெளிறுவதைப் பார்க்க அவளுக்கு ருசியாக இருந்தது. அவர் கரண்டியை உள்ளே விட்டார்.

வெடிச் சத்தம் கேட்டு ஒருவன் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தான். "தண்ணி ஊத்தாதே! உப்புத் தூளைக் கொட்டு!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே திரும்பி உலையின் வெப்பமானி முள்ளைப் பார்த்தாள். அது அசையவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அவருக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

விசாரணை அதிகாரி மருத்துவமனைக்கே வந்தார். "திறக்கச் சொன்னது யார்?"

"தொடாதேன்னு சொன்னேன் சார். கேக்கல" என்று முந்திக்கொண்டாள் சூளை.

கட்டுப் போட்ட முகம் அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. "அக்கா சொல்றது சரிதான். நான்தான் அவசரப்பட்டேன்."

வராந்தாவில் தங்கை அவள் கையைப் பிடித்தாள். "பொய் சொல்றப்ப அவர் எச்சில் முழுங்குவார். எனக்குத் தெரியாதாக்கா?"

"தெரிஞ்சா உள்ள போய்ச் சொல்லு. சொல்லிட்டு மாடியைக் காலி பண்ணு."

தங்கை கையை விட்டாள். உள்ளே போகவில்லை.

எல்லை அகப்பட்டது, நாற்காலியும் வந்தது. அவர் சுவரைத் தடவி மாடிப்படி இறங்கப் பழகினார். அவள் செருப்புச் சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டி வழிவிடுவார். ஒருநாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் அவர் எதிரில் போய் நின்றாள், தெரிகிறதா பார்க்கலாம் என்று.

"போங்கக்கா" என்றார் அவர், ஒதுங்கிக்கொண்டே.

அவள் போனாள்.