கேக்கில் கட்டிய வீடு

என் கணவருடைய தம்பி மகளின் பிறந்தநாளுக்கு நான் செய்த கேக்கைப் பற்றி எங்கள் தெருவில் இன்றைக்கும் பேசுவார்கள். அதன் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு உத்திரமேரூரிலிருந்து ஆட்கள் போன் செய்வார்கள். பேச்செல்லாம் கேக்கைப் பற்றித்தான். அதை வெட்டும்போது நான் எங்கே இருந்தேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

திருப்புலிவனத்தைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் எங்கள் வீடு. என் மாமியாரோடு அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் இருக்கிறோம். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவர் தம்பி ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனிக்குப் போகிறார். தம்பி மனைவி, அதாவது என் ஓரகத்தி, இன்னொரு கம்பெனிக்கு. காலையில் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனால் பொழுது சாயும்போதுதான் இறக்கிவிடும். ஆகவே அவர்களுடைய ஒரே மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே என் இடுப்புக்கு வந்துவிட்டாள். எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. குழந்தை இல்லை. மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த சோதனைகளை எல்லாம் நான் ஒருத்தி மட்டும் செய்துகொண்டேன். அவருக்கும் ஒருமுறை எழுதிக்கொடுத்தார்கள். அறுவடை முடியட்டும் என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ அறுவடை முடிந்துவிட்டது.

ஒரு தடவை பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தபோது, அவள் அப்பாவின் பழைய போனில் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் விளையாட்டு. அதில் எல்லாமே சதுரம். சூரியன் சதுரம், மரம் சதுரம், மேகம் சதுரம்.

"இன்னாடி இது, பன்னி தீப்பெட்டியாட்டம் கீது?" என்றேன்.

"அப்டித்தான் இருக்கும் பெரிம்மா. நீயும் உள்ள வா. ஒன் போன்ல போட்டுத் தரேன்."

போட்டுத் தந்தாள். மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் நாங்கள் இருவரும் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு போனில், ஒரே உலகத்துக்குள் நடப்போம். எனக்கு முதலில் நேராக நடக்கவே வரவில்லை. நெருப்புக் குழம்பு ஓடும் பள்ளத்தில் விழுந்து விழுந்து செத்தேன். ஒவ்வொரு முறையும் அவள் தலையில் அடித்துக்கொண்டு வந்து என் சாமான்களைப் பொறுக்கித் தருவாள். பிறகு பழகிவிட்டது. இருவருமாக ஒரு வீடு கட்டினோம். சிவப்புக் கூரை, பக்கத்தில் கிணறு, பின்னால் பன்றிப் பட்டி.

"இது என் ரூமு. இது ஒன் ரூமு," என்றாள்.

"ஒங்கம்மாக்கு?"

"அம்மா வேலைக்கிப் போயிட்டாங்க இல்ல," என்றாள், அதுதான் நியாயம் என்பதுபோல.

அன்று வேனிலிருந்து இறங்கி வந்த அம்மாவிடம் முதல் வேலையாக அந்த வீட்டைக் காட்டினாள். எது யாருடைய அறை என்பதையும் விளக்கினாள். என் ஓரகத்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள். "நல்லாகீதும்மா," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். நல்ல பெண் அவள். நாங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

கேக் செய்ய நான் போன் வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் குக்கரில் மணல் போட்டு, பிறகு சிறிய ஓவன் ஒன்றில். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குச் செய்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உத்திரமேரூர் வரைக்கும் ஆர்டர் வர ஆரம்பித்திருந்தது. அந்த வருடம் பாப்பா, "நம்ம வூட்டையே கேக்கா பண்ணு," என்றாள்.

சித்திரை வெயிலில் பிறந்தநாள். கிரீம் அடித்தால் அடிக்க அடிக்க மோராகிவிடும் காலம். காஞ்சிபுரத்துக்குப் போய்க் கிரீம் வாங்கி, தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர், "பொட்டில இன்னாம்மா, மீனா?" என்று கேட்டார். வெயில் ஏறுவதற்கு முன்னால் எழுந்து, ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை வைத்து அடித்தேன். வோல்டேஜ் விழுந்து ஓவன் பாதியில் அடங்கியதால் ஒரு தட்டு கேக் களியாகப் போனது. அதை மாட்டுக்கு வைத்துவிட்டு மறுபடி மாவு கலந்தேன்.

சாக்லெட் கேக்கைச் சதுரத் தட்டில் சுட்டு, ஆறவைத்து, குளிரவைத்து, கட்டை கட்டையாக அறுத்தேன். அந்தக் கட்டைகளைக் கிரீமால் ஒட்டிச் சுவர் எழுப்பினேன். கூரைக்குச் சிவப்புப் பூசிய வேஃபர் பிஸ்கட். பன்றிகளைச் சர்க்கரை மாவில் பிடித்தேன். அவை வியர்த்து வியர்த்துத் தரையோடு உட்கார்ந்தன. விசிறிக்கு அடியில் வைத்துக் காயவிட்டுத் திரும்ப நிமிர்த்தினேன். சுற்றியிருக்கும் நிலத்துக்கு எதற்குக் காசைக் கொட்டிச் சாக்லெட் வாங்க வேண்டும் என்று எனக்கே ஒரு யோசனை தோன்றியது. தேங்காய் பர்பியில் பச்சை நிறம் கலந்து வெட்டினால் புல்தரை. எள்ளை வெல்லப் பாகில் கிளறித் தட்டி அறுத்தால் நிலக்கரி. மைசூர்பாகு, ஒன்றுமே செய்யாமல், அப்படியே தங்கக் கட்டி. நடுவே ஓடும் நெருப்புக் குழம்புக்குக் கேசரியைத் தளர்வாகக் கிண்டி, சுடச்சுட வாய்க்கால் மாதிரி ஊற்றினேன். பாப்பா பக்கத்தில் நின்று கைதட்டினாள்.

கேக் வீட்டில் நான் மூன்றாவதாக ஓர் அறையும் வைத்தேன். மற்ற இரண்டையும்விடப் பெரிய அறை.

"இது கேம்ல இல்லியே," என்றாள் பாப்பா.

"இது ஒங்கம்மா ரூமு. யார் கேட்டாலும் நீதான் வைக்கச் சொன்னன்னு சொல்லு."

அவளும் அப்படியே சொன்னாள். என் ஓரகத்தி கேக்கைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தாள். "அக்கா, கடைக்காரன்கூட இப்டி பண்ணமாட்டான்க்கா," என்றாள். மனதாரத்தான் சொன்னாள் என்று இன்றும் நம்புகிறேன்.

சாயங்காலம் அவள் பிறந்த வீட்டு ஆட்கள் புள்ளலூரிலிருந்து வந்தார்கள். அவள் அம்மா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள். கூடத்தில் பலூன் கட்டி, மேசையில் கேக்கை வைத்தாகிவிட்டது. நான் புடவை மாற்றிக்கொண்டு, மெழுகுவத்தி எடுக்கச் சமையலறைக்குப் போனேன். என் ஓரகத்தி பின்னாலேயே வந்தாள். கதவை லேசாகச் சாத்தினாள்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க."

"சொல்லு."

"கேக் வெட்டறப்போ நீங்க இங்கியே இருந்துடுங்க. கொஞ்ச நேரந்தான்."

எனக்கு முதலில் புரியவில்லை. கூடத்தில் இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"எங்கம்மா ஒரு மாதிரி நெனைக்கிது. கொயந்தைக்கி அடிக்கடி ஜொரம் வந்துக்கினே கீது இல்ல, அதனால... மொத மொத ஊட்டறது, ஆரத்தி சுத்தறது எல்லாம் புள்ள பெத்தவங்க இருந்து பண்ணட்டும்னு சொல்லுது. எனக்கு அதெல்லாம் இல்லக்கா. பெரியவங்க சொல்றப்போ இன்னா பண்றது?"

"அத்தைக்கித் தெரியுமா?" என்று என் மாமியாரைப் பற்றிக் கேட்டேன்.

"அத்தை கிட்டயும் சொல்லிட்டேன். சரின்னாங்க."

அவள் என் கையிலிருந்த மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் வாங்கிக்கொண்டாள். மெதுவாகத்தான் வாங்கினாள். நான் கொடுத்தேன். காய்ச்சல் என்றாளே, அந்தக் காய்ச்சலில் எல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருந்தவள் நான்தான் என்று பிறகு தோன்றியது. அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

சமையலறையில் நின்றுகொண்டு கிரீம் பிழியும் பையின் தகர மூக்குகளை ஒவ்வொன்றாகக் கழுவினேன். பாட்டுப் பாடினார்கள். நடுவில் பாப்பாவின் குரல் கேட்டது.

"பெரிம்மா எங்க?"

"பெரிம்மாக்குத் தலவலிடா. நீ ஊது," என்றாள் அவள் அம்மா.

"சரி," என்று ஊதிவிட்டாள். குழந்தைதானே. கைதட்டல் கேட்டது. யாரோ கேசரியைப் பார்த்துச் சிரித்தார்கள். என் கணவரும் அங்கேதான் நின்றிருந்தார். அவர் சிரிப்பு எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து என் மாமியார் ஒரு காகிதத் தட்டில் துண்டு கொண்டுவந்து மேடைமேல் வைத்தார். "சாப்புடு. நல்லா வந்துகீது," என்றார். அவர் போன பிறகு சாப்பிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

விருந்தாளிகள் போன பிறகு கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. அவங்க கொயந்த. நம்ம இன்னாத்துக்குப் பேஜாரு பண்ணிக்கினு."

"நான் எங்கன்னு அவங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"தலவலின்னாங்க," என்றார். எனக்குத் தலைவலி வந்தால் எப்படி இருப்பேன் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

வருடம் ஓடியது. ஒன்றும் நடக்காததுபோல் நான் பாப்பாவுக்குத் தலை பின்னிவிட்டேன், சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். அவள் அந்தச் சதுர விளையாட்டை விட்டுவிட்டு, கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்குப் போயிருந்தாள். அடுத்த பிறந்தநாளுக்கு முந்தின வாரம் என் ஓரகத்தி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மலைப்பாதை, பாலம், கீழே கடல், மேலே ஒரு மஞ்சள் கார்.

"அக்கா, இந்த வருசம் இதுதான் வேணும்னு அடம் புடிக்கிது. ஒங்க கையால பண்ணாதான் நல்லாருக்கும்."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை நன்றாகப் பார்த்தேன். எப்படிச் செய்வது என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. பாலத்துக்குக் கடலை மிட்டாய், கடலுக்கு ஜெல்லி.

"பண்ணித் தரேன்," என்றேன். "வெட்டறப்போ நான் பாப்பா பக்கத்துல நிப்பேன்."

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதன் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"எங்கம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்க்கா."

மறுநாள் வேனுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றபடி, "வேணாங்க்கா. கடையிலியே சொல்லிட்டாரு அவரு," என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் வீட்டில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு குழந்தைக்குக் கேக் செய்ய நான் கண்டிஷன் போட்டேனாம். என் மாமியார் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஒரு வாட்டி சொன்னத மனசுலயே வச்சிக்கினு கீறியே," என்றார் கணவர். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். மலை, பாலம், கடல் எல்லாம் செய்து கொடுத்துவிட்டு, நானாகவே சமையலறைக்குள் போய் நின்றிருக்க வேண்டும்.

பாப்பா பள்ளி விட்டு வந்ததும் என்னிடம் நேராகக் கேட்டாள்.

"எனக்குக் கேக் பண்ணமாட்டேன்னு சொன்னியாமே பெரிம்மா?"

"நான் அப்டிச் சொல்லலியே."

"அம்மா சொன்னாங்க."

அந்தப் பிள்ளையிடம் எதைச் சொல்வது? உன் அம்மா பொய் சொல்கிறாள் என்பதா? என்னைப் பற்றி உன் அம்மாவைப் பெற்ற ஆயா என்ன நினைக்கிறாள் என்பதா? அவள் என்னை ஒரு பெரிய மனுஷியைப்போல ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புத்தகப் பையை எடுத்துக்கொண்டு அவர்கள் அறைக்குப் போனாள். அன்றிலிருந்து தலை பின்ன அம்மா வரும்வரைக்கும் காத்திருக்க ஆரம்பித்தாள்.

கடைக் கேக் பைக்கில் வந்தது. ஒரு பக்கம் நசுங்கி, மேலே காரின் படம் அச்சடித்த சர்க்கரைத் தாளோடு. படத்தில்தான் பார்த்தேன், நான் அன்றைக்கு வீட்டில் இல்லை. ஐயங்கார்குளத்தில் ஒரு வீட்டுக்கு ஆர்டர் இருந்தது. வேண்டுமென்றேதான் அந்தத் தேதியில் ஒப்புக்கொண்டேன்.

அந்த வீட்டிலும் பெண் குழந்தை. சதுர விளையாட்டுக் கேக்தான் கேட்டிருந்தார்கள், என் பழைய படத்தைப் பார்த்துவிட்டு. தங்கக் கட்டி, நிலக்கரி எல்லாம் செய்து எடுத்துப் போயிருந்தேன். வெயிலில் கூரை சரிந்திருந்தது. அதை அங்கேயே உட்கார்ந்து நிமிர்த்திக்கொண்டிருந்தபோது குழந்தையின் அம்மா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இவ்ளோ பொறுமையா பண்றீங்களே. ஒங்களுக்கு எத்தன பசங்க?"

"ஒரு பொண்ணு," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை.

"என்ன படிக்கிறா?"

"மூணாவது."

"அவளுக்கும் இந்தக் கேமு புடிக்குமா?"

"புடிச்சிது. இப்ப கார் ஓட்டறா."

அவள் சிரித்தாள். கேக் வெட்டும் நேரத்தில் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அவள் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக் குழந்தையின் பக்கத்தில் நிறுத்தினாள். அப்பா ஊட்டினார், அம்மா ஊட்டினாள். பிறகு ஒரு துண்டை என் கையில் கொடுத்து, "நீங்களும் ஒரு வாய் குடுங்கக்கா, நீங்களும் ஒரு அம்மாதானே," என்றாள். ஊட்டினேன். குழந்தை வாய் நிறையக் கிரீமோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். படமும் எடுத்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டில் ஊட்டக் கூடாத கையும் அங்கே ஊட்டிய கையும் ஒன்றுதான். நடுவில் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

இந்த வருடம் ஐயங்கார்குளத்து அம்மா மறுபடி போன் செய்தாள். இந்த முறை என் மகளையும் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம், அவள் குழந்தையோடு விளையாடட்டுமாம். அந்தத் தேதியில் வேறு ஆர்டர் இருப்பதாகச் சொல்லிவிட்டேன்.