தேயிலைத் தொட்டியில் காய்ந்த யுக்கா

விரலால் அழுத்தினேன். நான் நட்ட யுக்காவின் தண்டு கனிந்த வாழைப்பழம் மாதிரி உள்ளே போனது. கூடவே ஒரு புளித்த நாற்றம்...

தேயிலை விலை படுத்துக் கிடந்த வருஷம். ஜெகதளா பக்கம் நான் மெஷின் பார்த்த தேயிலை ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. என்னோடு டிப்ளமோ முடித்தவர்கள் எல்லாம் கோயமுத்தூருக்கு இறங்கிவிட்டார்கள். எனக்கு இறங்க மனசில்லை.

முதலாளி தன் பங்களாவை டூரிஸ்ட்டுகளுக்கு விடுவதாக முடிவெடுத்து, முன்னால் ஒரு தோட்டம் போடச் சொன்னார். கோடையில் அங்கே குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

"தண்ணி கேக்காத செடியா வெய்யி தம்பி. தோட்டம் நின்னா பங்களாவ நீயே பாத்துக்க. இல்லீன்னா நீயும் பஸ் ஏறிக்க."

கத்தாழை மாதிரி கூரான இலை நீட்டும் யுக்காச் செடி இருபது வைத்தேன். வறட்சி தாங்கும் என்று படித்ததோடு சரி. மழை தாங்குமா என்று யோசிக்கவே இல்லை. முட்டாள்தனம்! களிமண்ணில் தோண்டிய குழி, ஆடி மழைக்குத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது.

முதலாளி வந்து பார்த்தார். "தண்ணியே வேண்டாம்னியே... மேல இருந்து ஊத்தறவன்கிட்டச் சொல்லலியா?"

"ரெண்டு மாசம் குடுங்க" என்றேன்.

அழுகியதை அறுத்து எறிந்தேன். கெட்டியான நுனித்தண்டு பதினான்கு தேறியது. வெட்டுவாய் காய்ந்தால்தான் திரும்ப நட முடியும். வெளியே மூடுபனி, துவைத்த துணியே காயவில்லை. ஃபேக்டரிக்கு இன்னும் ஐந்து நாள் இலை வராது; பச்சை இலை வாட்டும் நீளத் தொட்டிகள் சும்மா கிடந்தன. ஒன்றின் வலைமேல் தண்டுகளைப் பரப்பினேன். சூடு போடாமல், வலைக்கு அடியில் காற்று ஊதும் ஃபேனை மட்டும் ஓட்டினேன்.

இலை பரப்பும் வேலைக்கு வரும் சரசக்கா, ஃபேன் சத்தம் கேட்டு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏனுங்க தம்பி, வெல இல்லீன்னு கத்தாழையில டீத்தூள் போடப் போறோமுங்களா?"

"சிரிக்காம திருப்பிப் போடுங்கக்கா."

சிரித்துக்கொண்டேதான் போட்டார்.

ஐந்தாம் நாள் வெட்டுவாய் தக்கை போல இறுகியது. சரிவில் ஜல்லியும் மணலும் கொட்டி, மேடு கட்டி நட்டேன். மழை வந்தது... வடிந்து போனது.

இரண்டு மாசம் கழித்து முதலாளியைக் கூப்பிட்டு, ஒரு செடியைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். இழுத்தார். அசையவில்லை. இன்னொன்றையும் இழுத்தார்.

"நின்னுருச்சு... நீயும் நில்லு" என்றார்.

இப்போது அவை என்னைவிட உயரம். வெள்ளையாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கின்றன. அவற்றிலிருந்து வெட்டிய தண்டுகள் மேலே பெர்ன்ஹில் பங்களாக்கள் வரை போய்விட்டன. எவ்வளவு தண்ணீர் விடணும் என்று கேட்பவர்களிடம், முதலில் தண்ணீர் எங்கே வடியும் என்று காட்டச் சொல்கிறேன்.

விலை ஏறி, ஃபேக்டரி இப்போது தினமும் ஓடுகிறது. தொட்டி அரைமணி நேரம்கூடக் காலி இல்லை. புதுத் தண்டுகளை டேபிள் ஃபேனில்தான் காயவைக்கிறேன். அந்த மோசமான வருஷம் திரும்ப வேண்டாம்தான். ஆனாலும் அவ்வளவு பெரிய ஃபேக்டரி என் பதினான்கு தண்டுகளுக்காக மட்டும் ஓடிய ஐந்து நாள்... அது இனி யாருக்கும் கிடைக்காது!