சலூன்காரரின் இடது கண்

கண் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறையில் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் அவள். லேசர் செய்துகொண்டவர்களின் கார்னியா, அதாவது கருவிழிக்கு மேல் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் படலம், எப்படி மாறியிருக்கிறது என்று அளந்து படமெடுப்பதுதான் வேலை. "இமைக்காதீங்க, இமைக்காதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, "இமைக்காதே அக்கா" என்றே பெயராகிவிட்டது.

அவளே சோடாபுட்டிக் கண்ணாடிதான். "லேசர் அவ்வளவு நல்லதுன்னா நீங்க ஏன் பண்ணிக்கலை?" என்று கேட்காத ஆளில்லை.

"எனக்குத் தோல்தான் தடி. கார்னியா மெலிசு, லேசர் தாங்காது" என்பாள்.

லேசர் முடிந்து மூன்றாம் மாதச் சோதனைக்கு ஒரு சலூன்காரர் வந்தார். வாய் ஓயாத மனிதர்.

"அண்ணே, பேசினா தாடை ஆடுது. படம் கலங்கிடும்."

"வாயை மூடிக்கிட்டு எங்க தொழில்ல காலம் தள்ள முடியுமாக்கா?"

ஒருவழியாகப் படம் விழுந்தது. வலது கண் சமர்த்தாக இருந்தது. இடது கண்ணின் கீழ்ப்பாதியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. அந்த இடம் புடைக்கிறது என்று அர்த்தம். போன மாதப் படத்தில் அது இல்லை.

லேசர் செய்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அவர் படத்தைப் பார்க்காமல் போனிலேயே சொன்னார்: "எழுத்துப் பலகையில கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டாரே. அனுப்பிடுங்க."

அனுப்ப மனசு வரவில்லை. முன்பு ஒருதரம் வெறும் கண் வறட்சியைப் பார்த்துப் பதறிப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அதனால் சொட்டு மருந்து விட்டு, கால் மணி நேரம் விட்டு விட்டு மூன்று முறை அளந்தாள். திட்டு அசையவில்லை. படங்களை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் மேஜைக்கே போய் வரிசையாகப் பரப்பினாள்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். முகம் மாறியது. "ஆளை அனுப்பிட்டீங்களா?"

"இல்ல டாக்டர். டீ வாங்கிக் குடுத்து உட்கார வச்சிருக்கேன்."

கண்ணைக் கசக்குவீர்களா என்று கேட்டதற்கு, "நாள் பூரா முடி பறக்குது, கசக்காம என்ன பண்றது?" என்றார் சலூன்காரர். படலம் தளர்ந்து முன்தள்ள ஆரம்பித்திருந்தது. அதை இறுக வைக்கும் சிகிச்சையை அதே வாரம் செய்தார்கள். மருந்தைச் சொட்டி, புற ஊதா ஒளி காட்டினார்கள். அதன் பிறகு ஒரு வருஷத்தில் நான்கு முறை அளந்தாயிற்று. புடைப்பைக் காட்டும் எண் ஏறாமல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. டாக்டரம்மாவும் இப்போதெல்லாம், "படம் வந்துடுச்சா?" என்று கேட்ட பிறகுதான் மற்றதைப் பேசுகிறார்.

சலூன்காரர் முடி படாமலிருக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெட்டுகிறார். காரணம் கேட்பவர்களிடம், அந்த அக்கா டாக்டரோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்ற கதையை அவிழ்த்துவிடுகிறாராம். அங்கே முடிவெட்டப் போன அவள் கணவர் காது குளிரக் கேட்டுவிட்டு வந்து அவளிடம் சொன்னார்.

"ஒரு மணி நேரமா? ரெண்டு நிமிஷம்கூட ஆகலைங்க" என்று சிரித்தாள் அவள். "அந்த ரெண்டு நிமிஷமும் நான்தான் கண்ணை இமைக்கவே இல்லை."