வாரண்டியில் வராத சந்தனப் பொட்டு

ஜெர்மனியில் ஃபிரிட்ஜ் செத்துப்போனால் முதலில் வயசைத்தான் கேட்கிறார்கள். என்னுடையது ஒரு திங்கட்கிழமை காலையில் முனகலை நிறுத்திக்கொண்டது. சர்வீஸுக்குப் போன் போட்டேன். மறுமுனையில் ஒரு பெண் பெயரைக் கேட்டாள், தெருவைக் கேட்டாள், பிறகு குரலைத் தாழ்த்தி "என்ன வயசு?" என்றாள். நாற்பத்து மூன்று என்றேன். உங்களுடைய வயசு இல்லை, ஃபிரிட்ஜினுடையது என்றாள். ஒன்பது என்றதும் துஷ்டி கேட்க வந்தவள் மாதிரி உச்சுக்கொட்டிவிட்டு, "லோண்ட் ஸிஷ் நிஷ்ட்" என்றாள். கட்டுப்படியாகாது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள் என்று அர்த்தம். இல்லை, ஆள் வந்து பார்க்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததும், டெர்மின் அடுத்த மாசம்தான் இருக்கிறது என்றாள். டெர்மின் என்பது முன்பதிவு. இந்த நாட்டில் முடி வெட்டவும் டெர்மின் வேண்டும், பல்வலிக்கும் டெர்மின் வேண்டும். பல்லும் அது தெரிந்து அனுசரித்து வலிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வைத்த மீன் குழம்பு சட்டி நிறைய இருந்தது. தேனிக்குப் பக்கத்தில் பழனிசெட்டிபட்டியில் வளர்ந்தவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் யோசனையே தேவையில்லை. கால் தன்னால் பக்கத்து வீட்டுக்குப் போகும். எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஃபிரிட்ஜ் படுத்துவிட்டால் அந்த வீட்டு மாவுச் சட்டி நாலு வீட்டுக்குப் பிரிந்துபோய் உட்கார்ந்துவிடும். அந்தப் பழக்கத்தில் சட்டியை எடுத்துக்கொண்டு எதிர் ஃப்ளாட்டில் தனியாக இருக்கும் பிரிகிட்டே அம்மையாரின் மணியை அடித்தேன். "என் ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது. இது மீன். தயவுசெய்து..." என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லி நீட்டினேன். அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, கண் கலங்க, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் சட்டி பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது. உள்ளே ஒரு சாக்லேட். "ரொம்பக் காரம், ரொம்ப நன்றி" என்றார். வாசலுக்குப் பாத்திரம் வந்தால் அது பரிசு என்பது இவர்கள் கணக்கு. அதோடு விட்டாரா, ஃபிரிட்ஜ் இல்லையென்றால் பால்கனியில் வைக்கலாமே, ஜனவரிதானே என்றும் சொன்னார். இதை முந்தின நாள் சொல்லியிருந்தால் குழம்பாவது மிஞ்சியிருக்கும். எதிரெதிர் கதவில் வருஷக்கணக்காக இருந்து நாங்கள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

வேறு வழியில்லாமல் புதுசு வாங்கினேன். அது இண்டர்நெட் படித்த ஃபிரிட்ஜ். கதவைத் திறந்தால் என் கைபேசிக்கு "கதவு திறக்கப்பட்டது" என்று சேதி அனுப்பும். திறந்ததே நான்தான், எனக்கே எதற்குச் சொல்கிறது என்று சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அப்பா போன பிறகு அம்மா பழனிசெட்டிபட்டியில் தனியாக இருக்கிறாள். சர்க்கரைக்குத் தினமும் காலையில் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். போனில் எப்போது கேட்டாலும் "நல்லாத்தேன் இருக்கேன்" என்பாள். காய்ச்சலில் கிடந்தாலும் அதேதான். ஆனால் இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது. ஃபிரிட்ஜுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இங்கிருந்தே ஆர்டர் போட்டு அதே மாதிரி ஒன்றை அம்மாவுக்கு இறக்கினேன். அன்றிலிருந்து நான் கண் விழித்ததும் பார்ப்பது பழனிசெட்டிபட்டியில் கதவு திறந்ததா என்பதைத்தான். திறந்திருந்தால் அம்மா எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் பல் தேய்ப்பேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கைபேசியில் "இணைப்பில் இல்லை" என்று வந்தது. அதற்கு மறுநாளும் அதே. அம்மாவைக் கேட்டால் "நல்லாத்தேன் ஓடுது" என்றாள். கோயம்புத்தூரில் முதியவர்களுக்கென்று ஒரு குடியிருப்பு இருக்கிறது என்று நண்பன் சொல்லியிருந்தான். நர்ஸ் உண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் பட்டன் உண்டு, அழுத்தினால் ஓடிவருவார்கள். அன்றைக்கே ஒரு இடம் சொல்லி வைத்துவிட்டு, தீபாவளிக்கு லீவு போட்டுக் கிளம்பினேன். நான் ஜெர்மனி திரும்பும் முன் ஃபிரிட்ஜ் ஓடினால் அம்மா சொந்த வீட்டில். ஓடாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூர். இதை அம்மாவிடமும் நேராகவே சொல்லிவிட்டேன். "வந்ததும் வராததுமா ஏலே, கால நீட்டி உக்காந்து ஒரு வாய் காப்பியக் குடி" என்றாள்.

ஃபிரிட்ஜைத் திறந்தேன், விளக்கே எரியவில்லை. மேல் தட்டில் உளுந்து, நடுத் தட்டில் வத்தல், காய்கறி போடும் இடத்தில் அம்மாவின் பட்டுச்சேலை. "பூச்சி அண்டாதுல்ல" என்றாள். இன்சுலின் எங்கே என்றதற்குப் பக்கத்து வீட்டைக் கை காட்டினாள். அங்கே ஜெபராணி அத்தை. தேனி பஜாரில் அவர்களுக்குப் பாத்திரக்கடை. அம்மாவை மதினி என்பார். அந்த முறையில் எனக்கு அத்தை. நடந்ததைச் சொன்னவரும் அவர்தான். "மதினி பூசைக்கு அதத் தொடைக்கல தம்பி, குளுப்பாட்டிட்டாக. ஒரு வாளித் தண்ணி. நான் செவத்துக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டேன், மதினி அது கரண்டு சாமான் மதினின்னு. கேட்டாத்தான?" குளிப்பாட்டியதோடு விடவில்லை. கதவில் எண்கள் ஒளிரும் கண்ணாடிப் பலகையில் சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்திருக்கிறாள். என்னைக் கேட்டால், நான்கூட ஜெர்மனியில் லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கிறவன்தான். வீடியோ மீட்டிங்குக்கு முன்னால் துடைத்துவிடுவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தினேன், இந்தி வந்தது. புகாரைப் பதிந்துகொண்டார்கள். மறுநாள் ஒருவர் கூப்பிட்டு, "சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க. அப்பத்தான் கெளம்ப முடியும்" என்றார். சொன்னேன். அடுத்த நிமிஷம் சேதி வந்தது: உங்கள் பழுது வெற்றிகரமாகச் சரிசெய்யப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? நான் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். உளுந்து பத்திரமாக இருந்தது. ஜெர்மனியில் கெட்ட சாமானைச் செத்ததாக அறிவிக்கிறார்கள். இங்கே பிழைத்துவிட்டதாக அறிவிக்கிறார்கள். இரண்டு ஊரிலும் யாரும் வந்து பார்ப்பதில்லை.

நாலைந்து சண்டைக்குப் பிறகு மதுரையிலிருந்து கம்பெனி ஆள் வந்தார். கதவைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், போட்டோ எடுத்தார். "போர்டு போயிருச்சும்மா. தண்ணியும் சந்தனமும் உள்ள எறங்கிருக்கு. வெளிப்பொருள் பட்டிருந்தா வாரண்டி வராது" என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "சந்தனம் வெளிப்பொருளா? ஏய்யா, நல்லா ஓடணும்னு சாமி கும்பிட்டதுக்கு வாரண்டி போயிருமா? கும்பிடாத வீட்டுலதான் ஓடுமா?"

"நான் என்னம்மா செய்ய, கம்பெனி ரூல்ஸு."

"உங்க கம்பெனியில ஆயுத பூசைக்கு மிசினுக்குப் பொட்டு வைக்கிறீகளா இல்லையா? அதச் சொல்லு மொதல்ல."

அவர் பையை முதுகுப் பக்கம் நகர்த்தினார். அவர் தோளில் மாட்டியிருந்த கருவிப் பையிலேயே காய்ந்த சந்தனம் இருந்ததை நாங்கள் எல்லோருமே பார்த்தோம்.

சரி, உள்ளூர் ஆளைப் பிடிப்போம் என்று மெக்கானிக் முருகேசனைக் கூப்பிட்டேன். முருகேசனுக்கு உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் ஒரே காரணம்தான். கேஸ் போயிருச்சு. ஃபிரிட்ஜாக இருந்தாலும் கேஸ், வாஷிங் மெஷினாக இருந்தாலும் கேஸ் என்று ஆரம்பித்துவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரை எடுப்பார். போர்டை நானே வரவழைத்துக் கொடுத்தேன். மாட்ட வேண்டிய வேலைதான் பாக்கி. எப்போது கூப்பிட்டாலும் கிளம்பிவிட்டேன் என்பார். ஒருநாள் ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்து மோட்டார் என்றார். இன்னொரு நாள் வைகை அணையில் இருக்கிறேன் என்றார். பின்னால் "போடி, கம்பம், போடி, கம்பம்" என்று கண்டக்டர் கத்துவது கேட்டது. வைகை அணைக்குத் தேனி பஸ் ஸ்டாண்டு எப்போது மாறிப் போனது என்று தெரியவில்லை. இதற்கிடையில் பார்க்க வந்தவர்களின் வைத்தியம் வேறு. வோல்டேஜ் என்றார் ஒருவர். ஸ்டெபிலைசரைத் தெற்குப் பார்த்து வைத்ததுதான் தப்பு என்றார் இன்னொருவர். எனக்கு லீவு கரைந்துகொண்டிருந்தது. அம்மாவோ எந்தப் பதற்றமும் இல்லாமல் எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கவலைப்படாததுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. போக இஷ்டமில்லை என்றால் கொஞ்சமாவது அக்கறை காட்ட வேண்டாமா?

ஒருவழியாக முருகேசன் வந்தார். போர்டை மாட்டினார். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டு எழுந்தது. என் கைபேசியில் இணைப்பு வந்துவிட்டது. முருகேசன் "கேஸ் கொஞ்சம் கம்மியாத்தேன் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் உளுந்தையும் பட்டுச்சேலையையும் வெளியே எடுத்துப் போட்டு, கோயம்புத்தூர் வேண்டாம் என்று முடிவுசெய்து, நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் கண் விழித்து, வழக்கப்படி கைபேசியைப் பார்த்தேன். கதவு திறந்ததாகச் சேதி இல்லை. நன்றாக விடிந்து, தெருவில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா இன்சுலின் எடுக்கவில்லை. அதே வீட்டில் அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறேன் என்பதுகூட உறைக்கவில்லை. எழுந்து ஓடினேன். கட்டில் காலி. அடுப்படி காலி. ஃபிரிட்ஜைத் திறந்தேன், மாவும் பாலும் இருந்தன, இன்சுலின் இல்லை. லுங்கியோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். ஜெபராணி அத்தை வீட்டு அடுப்படியில் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து சீனி இல்லாத காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஊசி போட்டு முடித்திருந்தாள்.

"நம்ம வீட்டு ஃபிரிட்ஜுதான் ஓடுதே, இன்னும் ஏம்மா இங்க வச்சிருக்க?" என்று கத்திவிட்டேன்.

"ஏன் கத்துற? அது இங்கனயே இருக்கட்டும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "நீ சொன்ன எடத்துல பட்டன அழுத்துனா வருவாக, சரி. அழுத்த முடியலன்னா? இங்கன காலையில நான் மருந்தெடுக்க வரலன்னா ஜெபா வந்துருவா. நான் ஒண்ணும் செய்ய வேண்டாம்ல."

நான் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிலையில் உட்கார்ந்தேன். செயற்கைக்கோள், வைஃபை, போர்டு என்று நான் கட்டியதை அவள் இன்சுலின் வைத்த ஒரு எவர்சில்வர் டப்பாவைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்து முடித்திருந்தாள். இத்தனை நாள் அவளுக்கு எந்தப் பதற்றமும் இல்லாமல் இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனாலும் அந்த இடத்தில் நான் இல்லையே என்று வலித்தது.

"அதெல்லாம் இருக்கட்டும். அங்கன ஒருநா நீ எந்திரிக்கலன்னா யாரு வருவா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆபீஸ்லருந்து மெயில் வரும்" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மெயிலா வந்து கதவத் தட்டும்?" என்றார் அத்தை. "ஒன் நம்பரு எங்கிட்ட இருக்குல்ல தம்பி. நான் பாத்துக்கிடுறேன்."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். மறுநாளிலிருந்து ரோஜாப்பூ படத்தோடு "எந்திரிச்சாச்சா தம்பி" என்று சேதி வர ஆரம்பித்தது. ஆமாம் அத்தை என்று போடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் சார்ஜ் இறங்கிப்போனது தெரியாமல் மத்தியானம்வரை தூங்கிவிட்டேன். உயிர் கொடுத்துப் பார்த்தால், தவறிய அழைப்புகள் வரிசையாக நிற்கின்றன. அத்தை, அம்மா, அத்தை, அம்மா, நடுவில் மெக்கானிக் முருகேசன்கூட. கூப்பிட்டதும் அம்மா அழுதாள், பிறகு திட்டினாள். யாராவது சீட்டு எழுதிப் போட்டிருக்கிறார்களா என்று நான் படியில் இறங்கிப் போய்த் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். எதிரே பிரிகிட்டே அம்மையார் வந்து, நல்ல நாள் என்று ஜெர்மனில் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். கட்டடத்தில் என்னை யாரும் தேடியிருக்கவில்லை. சம்பளம் இந்த ஊரில் வாங்குகிறேன், வரி இந்த ஊரில் கட்டுகிறேன், வீட்டுச் சாவியும் இந்த ஊர்ச் சாவிதான். நான் உயிரோடு இருக்கிறேனா என்பது மட்டும் பழனிசெட்டிபட்டியில்தான் தெரியும்.