கொள்ளுப்பாட்டி படத்தில் இருப்பவர்

தீபாவளிக்கு முதல் நாள் பெரியம்மா வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல். எனக்கு நம்பிக்கை பலகாரத்தில் மட்டும்தான்.

கொள்ளுப்பாட்டி படத்துக்கு ஆண்டுதோறும் புதுச் சேலை உண்டு. பெரியம்மா பிறக்கும் முன்பே இறந்தவர். இருப்பது அந்த ஒரு படம்தான்.

இன்று ஃபேஸ்புக்கில் பினாங்குப் பழைய படங்கள் குழுவில் அதே முகம், அதே சேலை. 1930களில் ஜார்ஜ்டவுனில் நாடகம் போட்ட ஆண்களாம். பெண் வேடத்தில் இருப்பவரின் பெயர், எங்கள் கொள்ளுத்தாத்தாவுடையது.

பெரியம்மாவிடம் காட்டினேன். சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அப்ப பாட்டிக்கு இத்தனை வருஷமா நாம ஒண்ணுமே வைக்கலையா?”

“இந்த வருஷம் வைப்போம் பெரியம்மா. கொள்ளுத்தாத்தாவுக்கு வேட்டி எடுத்துடலாம்.”

“வேணாம்லா. அவருக்குச் சேலை பழகிப்போச்சு. ரெண்டு சேலையா எடு.”

உங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு இருப்பவர் யாரென்று எதற்கும் விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்.