கிணற்றில் குளிர்ந்த நான்கு பாட்டில்கள்

காலை ஆறு இருபதுக்கு மதுரை ஆரப்பாளையத்திலிருந்து கம்பம் பேருந்து கிளம்பியது. 2008, பிப்ரவரி. உத்தமபாளையத்துக்குத் தலைக்கு முப்பத்தைந்து ரூபாய். பக்கத்தில் என் கல்லூரித் தோழன் சேவியர், மடியில் ஒரு பெட்டியோடு. மேலே வை என்று நானும் சொன்னேன், நடத்துநரும் சொன்னார், கேட்டால்தானே? வேகத்தடை வரும்போதெல்லாம் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டான். உள்ளே வேட்டியில் சுற்றிய நான்கு பீர் பாட்டில்கள். இங்கிலாந்தில் பத்துப் பேர் வேலை பார்க்கிற ஒரு சின்ன ஆலையில் அவனே காய்ச்சியது. ‘பேல் ஏல்’ என்று பெயராம்.

இருவரும் வேதியியல் படித்தோம். நான் வாத்தியாரானேன். அவன் மேற்படிப்புக்குக் கடல் தாண்டிப் போனவன், பீர் காய்ச்ச உட்கார்ந்துவிட்டான். அவனைப் படிக்க வைத்தவர் அண்ணன் மிக்கேல், ராயப்பன்பட்டியில் திராட்சை விவசாயி. பீர் என்று சொல்லக் கூசி, தம்பி மருந்துக் கம்பெனியில் இருக்கிறான் என்று ஊரிலும் தன் மாமனார் வீட்டிலும் சொல்லி வைத்திருந்தார். போனில் மழை, விலை, சளி, காய்ச்சல் எல்லாம் பேசுவார். தம்பியின் வேலையைப் பற்றி மட்டும் மூன்று வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. அண்ணன் ஒரு வாய் குடித்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் சேவியருக்கு. இதில் நான் எதற்கடா என்று கேட்டேன். “நீ பக்கத்துல இருந்தா அண்ணன் கை நீட்ட மாட்டாக” என்றான். எனக்குக் கிடைத்த மரியாதை இது.

ஆண்டிப்பட்டிக் கணவாயில் வண்டி வளைந்து வளைந்து இறங்கியபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். எட்டேகாலுக்குத் தேனி. மதுரையிலிருந்து எழுபத்தாறு கிலோமீட்டர். இரண்டு ரூபாய்க்கு ஒரு வடை, உள்ளங்கை அகலம். நான் மூன்று தின்றேன், அவனுக்கு இறங்கவில்லை. சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயலும் தென்னையும், தூரத்தில் மலையுமாகக் காற்றே மாறிவிட்டது. பத்து மணிக்குள் உத்தமபாளையம். அங்கிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் சேவியரைப் பார்த்து, “மிக்கேல் அண்ணன் தம்பிதான? மருந்துக் கம்பெனில இருக்கீகளாம்ல, அண்ணன் சொன்னாக” என்றார். சேவியர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றான்.

வீட்டில் மதினி இடியாப்பமும் கோழிக் குழம்பும் வைத்தார். நான் வந்த வேலையை மறந்தேன். ஆனால் பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைக்கக் கேட்டதும், பிள்ளைகளுக்குப் பால் இருக்கிற பெட்டியில் இதுவா என்று ஒரே போடாகப் போட்டார். நல்லதாகப் போயிற்று, ரொம்பக் குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும் என்றான் சேவியர். நான்கையும் வெங்காய வலைப்பையில் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கினோம்.

பதினொன்றரைக்கு மிக்கேல் அண்ணனைத் திராட்சைப் பந்தலுக்கடியில் பார்த்தோம். தம்பியிடம் இளைத்துவிட்டாய் என்று மட்டும் சொன்னார். நான் கைக்கெட்டிய குலையின் மேல்பக்கத்தில் ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டேன். தேன்தான். அண்ணன் சிரித்தார். “வாத்தியாரே, தோள்ல உள்ளதத் தின்னுட்டுப் பழம்னு சொல்லாதீக. நுனிதான் கடைசியாப் பழுக்கும். அது இனிச்சாத்தான் கொல பழுத்துருக்குன்னு அர்த்தம்” என்று அதே குலையின் அடி நுனியைக் கிள்ளிக் கொடுத்தார். முகம் கோணிப்போனது, அவ்வளவு புளிப்பு. இன்னும் நாலைந்து நாள் ஆகும் என்றார்.

சாயங்காலம் நான்கு மணி. பம்புசெட் மேடையில் அண்ணனும் நானும், நடுவில் இரண்டு டம்ளர். சேவியர் பாட்டிலைச் சாய்த்துச் சாய்த்து மெதுவாக ஊற்றினான், அடியில் இரண்டு விரல் விட்டுவிட்டான். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. அண்ணன் முன்னால் அவன் குடித்ததே கிடையாது, நின்றுகொண்டே இருந்தான்.

நான் முதலில் குடித்தேன். அதுவரை எனக்குப் பீர் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிற சமாச்சாரம். இது வெளிர் மஞ்சள், லேசாக மங்கல். சாத்துக்குடித் தோலைக் கிள்ளின வாசனை. எடையே இல்லாமல் இறங்கியது. முடிவில் சின்னதாக ஒரு கசப்பு வந்து, இன்னொரு வாய் கேட்டது. அடடா என்று வாய்விட்டே சொன்னேன்.

அண்ணன் டம்ளரைத் தொடவில்லை. இந்த வாசனை எங்கிருந்து என்றார். ஒரு கொடியின் பூ என்றான் சேவியர்.

“கொடியா? பந்தல் போடுவாகளா?”

“இல்லண்ணே. பதினஞ்சடிக் கயித்துல ஏத்தி விடுவாக.”

“கவாத்து? கொடிய வெட்டி விடுவாகளா?”

அறுவடையின்போது கொடியையே தரையோடு அறுத்துவிடுவார்கள், மறு வருஷம் வேரிலிருந்து துளிர்க்கும் என்று சேவியர் சொன்னான். மூன்று வருஷத்தில் அண்ணன் அவன் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்விகள் அவை.

அண்ணன் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுப் பாட்டிலை எடுத்தார்.

“அண்ணே, அது அடி மண்டி. நல்லா இருக்காது.”

“நுனியப் பாக்காம நான் எதையும் சொல்றதில்ல” என்று அந்த இரண்டு விரலையும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். சேவியர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

“கசக்குது. ஆனா கெட்டுப்போன ருசி ஒண்ணும் இல்ல. சுத்தமாத்தான் செஞ்சிருக்க.”

பிறகுதான் டம்ளரை எடுத்தார், ஒரே மூச்சில் முடித்தார். “நல்லாத்தாம்ல இருக்கு” என்றார். அடுத்த பாட்டிலைத் திறக்கச் சொல்லி, தன் டம்ளரைத் தம்பி பக்கம் நகர்த்தினார். “ஒக்காந்து குடி. எத்தன நேரம் நிப்ப?” சேவியர் உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். மூன்றாவதும் காலியானது.

நான்காவது எனக்கென்று பேச்சு. ஆறு மணிக்குக் கிளம்பும்போது கிணற்றுக் கயிற்றில் கை வைத்தேன். அண்ணன் தடுத்தார்.

“அது இங்கனயே கெடக்கட்டும் வாத்தியாரே. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு மச்சான் வாராக. மருந்துக் கம்பெனின்னு அவுககிட்டதான் மொதல்ல சொன்னேன். இது எந்தம்பி காய்ச்சுனதுன்னு நானே ஊத்திக் குடுக்கணும்.”

திரும்புகிற பேருந்தில் சேவியர் பெட்டியை மேலே வீசி எறிந்துவிட்டு, சின்னமனூர் வருவதற்குள் என் தோளில் தூங்கிப்போனான். பாட்டில் போனதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். இருந்தாலும் வேகத்தடை வந்தபோதெல்லாம் அவன் தலையை நான் பிடித்துக்கொண்டேன்.