பதினோரு கைகள்

ரோஜா வளர்க்கும் ஷெட்டுக்குள் வேலை செய்யும் பெண்களின் முகம் தெரியாது. பூச்சிமருந்து வாடைக்காக மூக்கிலிருந்து தலைவரை துணியைச் சுற்றியிருப்பார்கள். அதனால் ஜைபா கைகளைத்தான் பார்த்தாள். எந்தக் கையில் நரம்பு சுலபமாகக் கிடைத்தது, பச்சை குத்தியிருக்கிறதா, முள் கிழித்த தழும்பு எங்கே என்று ஒரு நோட்டில் டோக்கன் எண்ணுக்கு நேராக எழுதிக்கொண்டாள். இரண்டாம் முறை ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது தேட வேண்டாமே என்றுதான். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை.

அப்போது அவள் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் கெலமங்கலம். அத்தா பஷீர் அஹமது சந்தைக்குச் சந்தை போய் பிளாஸ்டிக் குடமும் வாளியும் விற்பவர். அவரோடு உட்கார்ந்து விற்றதில் கன்னடமும் தெலுங்கும் அவளுக்கு வந்திருந்தன. கல்லூரியில் அந்த ஆண்டு மாணவர்களுக்கான ஆய்வு வழிகாட்டுத் திட்டம் தொடங்கினார்கள். ஆளுக்கொரு பேராசிரியர் வழிகாட்டி. மாணவர் ஆய்வு செய்வார், அது கட்டுரையாகும், பின்னால் மேற்படிப்புக்கும் வேலைக்கும் உதவும். சமூக மருத்துவத் துறையின் திருமலை சார் ஜைபாவையும் சுரேந்தரையும் எடுத்துக்கொண்டார். சுரேந்தருக்குக் கம்ப்யூட்டரில் அட்டவணை போடத் தெரியும். ஜைபாவுக்கு அந்தப் பெண்களின் பாஷை தெரியும்.

ஆய்வு எளிமையானது. ரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து உடம்பில் ஏற ஏற அது இறங்கும். அதன் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஒருத்தியின் ரத்தத்தை அவளுடைய பழைய ரத்தத்தோடுதான் ஒப்பிட முடியும். நாற்பத்திரண்டு பெண்கள். அக்டோபரில் ஒரு தடவை. பிப்ரவரி காதலர் தின ஆர்டருக்காக மருந்தடி உச்சத்தில் இருக்கும் ஜனவரி கடைசியில் இன்னொரு தடவை. ஷெட் முதலாளி அனுமதி தந்தார். ஆனால் பெயர் எழுதக் கூடாது, டோக்கன் எண் போதும் என்றார். திருமலை சார் அதுவே நல்லது என்றார். ரத்தம் எடுக்க வரவேண்டிய டெக்னீஷியன் முதல் நாள் மட்டும் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். முதல் ஆளிலிருந்து எல்லாருக்கும் ஜைபாதான் எடுத்தாள். சுரேந்தர் ஷெட்டுக்கு ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துக்கொண்டான்.

ஜனவரியில் இருபத்துமூன்றாம் டோக்கன் வந்து கையை நீட்டியது. நோட்டில், முன்கையில் தேள் வடிவில் பச்சை என்று இருந்தது. நீட்டிய கையில் ஒரு புள்ளிகூட இல்லை.

இது உங்க டோக்கனா என்று ஜைபா கேட்டாள்.

அவள் துணிக்குள் சிரித்தாள். “எங்க ஓரகத்தி நாகம்மாதுங்க. அவ படுத்துக்கினு கெடக்கா. மூணு நாளு வரலன்னா டோக்கன் பூடும். அதான் நான் வந்தேன். என் பேரு முனிலட்சுமி. அதையும் எழுதிக்கிறியா?”

சூப்பர்வைசருக்குத் தெரியாதா என்று கேட்டதற்கு, துணியைக் கட்டினால் எல்லாம் ஒரே மூஞ்சிதானே, அவனுக்கு எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்றாள். அது அந்த ஷெட்டுகளில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒருத்திக்கு முடியாவிட்டால் வீட்டிலிருந்து இன்னொருத்தி வந்து நிற்பாள். இதில் ஏமாற்று என்று யாரும் நினைக்கவில்லை.

ஜைபா நாற்பத்திரண்டு கைகளையும் நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். பதினோரு கைகள் வேறு. அடுத்த வாரம் முழுவதும் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறி இறங்கி அந்தப் பதினோரு வீடுகளுக்கும் போனாள். இரண்டு பேர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஒருத்தி மகள் பிரசவத்துக்கு. மீதி எட்டுப் பேரும் வீட்டில் படுத்திருந்தார்கள். வாந்தி, கண்ணில் நிற்காத நீர், கை நடுக்கம், நெஞ்சில் கபம். நாகம்மா குழாய் இழுப்பவள். மருந்து அடிப்பவனுக்குப் பின்னால் நாள் முழுக்க ஈரக் குழாயைத் தோளில் போட்டு இழுக்கும் வேலை. அவளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

என்ன நடந்தது என்பது அப்போதுதான் ஜைபாவுக்கு முழுதாகப் புரிந்தது. யாருக்கு மருந்து ஏறியதோ அவள் வீட்டில் கிடக்கிறாள். அவளுடைய எண்ணில் நல்ல ரத்தம் உள்ள இன்னொருத்தி வந்து கையை நீட்டுகிறாள். எவ்வளவு பேர் நோயில் விழுகிறார்களோ அவ்வளவுக்கு ஆய்வின் முடிவு நன்றாக வரும்.

திருமலை சாரிடம் நோட்டைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பியாகிவிட்டது, இதை எழுதினால் ஆய்வே செல்லாது, ஷெட்காரர் இனி எந்த மாணவரையும் உள்ளே விடமாட்டார் என்றார். முதல் ஆய்வில் எல்லாருக்கும் இப்படித்தான் ஏதாவது உறுத்தும் என்றும் சொன்னார். கட்டுரை எழுதியவர்களுக்கான படிவத்தைத் தள்ளி, கையெழுத்துப் போடு என்றார்.

“பதினோரு பேரையும் எடுத்துட்டு, ஏன் எடுத்தோம்னு எழுதினா போடறேன் சார்.”

“உன் பேரை எடுக்கறது இன்னும் சுலபம்மா.”

எடுத்தார். கட்டுரை அடுத்த ஆண்டு ஒரு மருத்துவ இதழில் வந்தது. பூச்சிமருந்தால் ஷெட் பெண்களின் ரத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பது முடிவு. எழுதியவர்கள் சுரேந்தர், திருமலை. ஜைபா குத்திய எண்பத்துநான்கு ஊசிகளையும் யார் குத்தினார்கள் என்று அதில் இல்லை. சுரேந்தர் அந்தக் கட்டுரையோடு வெளிநாட்டுக்குப் போய் தொழில்சார் நோய்களில் மேற்படிப்பு படித்தான். இப்போது பெங்களூரில் தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்கிறான். தொழிலாளர்களின் உடல்நலம் பற்றித்தான்.

ஜைபா கெலமங்கலம் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராகச் சேர்ந்தாள். போன ஆண்டு மார்ச்சில் நாகம்மா அங்கே வந்தாள். கால் இழுத்தது. வேலையை மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறாள். சூப்பர்வைசர் கேட் அறைச் சுவரைக் காட்டினானாம். அதில் ஒரு காகிதம் லேமினேட் செய்து மாட்டியிருக்கிறது, பெரிய டாக்டருங்க எல்லாம் பார்த்து ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டாங்க என்றானாம். என்ன காகிதம் என்று ஜைபா கேட்டாள். நாகம்மா மகனுடைய போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அந்தக் கட்டுரையின் முதல் பக்கம்.

அன்று மாலையே ஜைபா இதழுக்கு எழுதினாள். நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து இணைத்தாள். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டாள். மூன்று வாரம் கழித்து மரியாதையான பதில் வந்தது. அந்த ஆய்வில் நீங்கள் பங்கெடுத்ததாக எங்களிடம் பதிவு இல்லை. சம்பந்தப்பட்ட பெண்கள் எண் மாறி வந்ததாகக் கையெழுத்திட்டுத் தந்தால் பரிசீலிக்கலாம்.

ஜைபா நாகம்மாவிடம் கேட்டாள். கையெழுத்துப் போட்டால் டோக்கன்காரியை ஷெட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள், பதிலுக்கு வந்தவளையும் இனி சேர்க்கமாட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

நாகம்மா இழுத்த காலை நேராக நீட்டி வைத்தாள். பிறகு, “போட்டா வேலை பூடும். போடலன்னா நானே பூடுவேன். எது மொதல்ல பூடும், நீ படிச்சவ, சொல்லு டாக்டரம்மா” என்றாள்.

ஜைபா அதன் பிறகு யாரிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியிலிருந்து போனுக்கு ஒரு படிவம் வந்தது. ஆய்வு வழிகாட்டுத் திட்டத்தில் இருந்த மாணவர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். திருமலை சார் இப்போது அந்தத் திட்டத்தின் தலைவர். புத்தகம் போடப்போகிறார்கள். எந்த ஆய்வு, உங்கள் பங்கு என்ன, வழிகாட்டி உங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றினார் என்று கேள்விகள். ஜைபாவுக்கு முதலில் போனை வீசலாம் போலிருந்தது. பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள். நாற்பத்திரண்டு பெண்களுக்கும் இரண்டு முறையும் தானே ரத்தம் எடுத்தது, பதினோரு கைகள், எடுக்கப்பட்ட தன் பெயர், எதையும் விடவில்லை.

புத்தகம் வந்தது. பதினேழாம் பக்கத்தில் அவள் படம். கிராமத்தில் அரசுப் பணி செய்வோருக்கு எடுத்துக்காட்டாம். கசப்பான வரிகளை வெட்டியிருந்தார்கள். ரோஜா ஷெட் ஆய்வில் நாற்பத்திரண்டு பெண்களுக்கும் இருமுறையும் தன் கையாலேயே ரத்தம் எடுத்தவர் என்ற வரியை வெட்டவில்லை. அது புத்தகத்துக்கு நன்றாக இருந்திருக்கிறது. கீழே, என் வழிகாட்டுதலில் பயின்றவர் என்று திருமலை சாரின் கையெழுத்து.

பதிவு இல்லை என்ற பழைய பதிலோடு சேர்த்து ஜைபா பதினேழாம் பக்கத்தை இதழுக்கு அனுப்பினாள்.

பத்தாம் நாள் திருமலை சார் போனில் கூப்பிட்டார். வெளியே காய்ச்சல் கூட்டம் நின்றிருந்தது. இதழ் விளக்கம் கேட்டிருக்கிறது, தன் ஓய்வுக்கு எட்டு மாதம்தான் இருக்கிறது என்றார். திருத்தம் போட்டு அவள் பெயரை முதலில் சேர்க்கிறேன் என்றார். அது வேண்டாம், கட்டுரையை எடுங்கள் என்றாள்.

“எடுத்தா சுரேந்தர் கதி என்னன்னு யோசிச்சியா?”

“நாகம்மா கதி என்னன்னு நீங்க யோசிச்சீங்களா சார்?”

“யாரு நாகம்மா?”

ஜைபா போனை வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். 

செப்டம்பரில் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. தரவுகளில் நம்பகத்தன்மை இல்லை என்று இரண்டு வரி. யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு சொல் இல்லை. சுரேந்தர் வேலையில்தான் இருக்கிறான். திருமலை சாருக்குக் கல்லூரியில் பிரிவுபசார விழா நடந்தது. மேற்கொண்டு ஆய்வு நடத்த அனுமதி கேட்டு ஜைபா மேலதிகாரிகளுக்கு எழுதிய இரண்டு விண்ணப்பங்களுக்கும் பதில் இல்லை.

இதழின் அந்த இரண்டு வரியைப் பிரதி எடுத்து, நாகம்மாவுக்குக் குழாய் வேலை கூடாது என்ற தன் சான்றிதழையும் சேர்த்து ஜைபாவே ஷெட் கேட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். சுவரில் இருந்த காகிதம் இறங்கியது. நாகம்மாவைப் பூ கட்டும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்து செய்கிற வேலை.

குழாய் இழுக்க ஆள் வேண்டுமே. முனிலட்சுமிக்குப் புது டோக்கன் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். மருந்தடி ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் ஜைபா அவளை வரச்சொல்லி, யாருடைய அனுமதியும் இல்லாமல், முதல் ரத்தத்தை எடுத்துப் பெயரை முழுதாக எழுதி வைத்தாள்.